ஊமைக்காயமும் உள்ளே சேரும் காற்றும்



விபத்தில் சிக்கியவரின் உடலில் ரத்தம் கொட்டும் காயம் இருந்தால் எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும். தோல் கிழியாத ஊமைக்காயத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், ஸ்டியரிங்கில் மார்பு மோதிய லாரி ஓட்டுநர், சாரத்திலிருந்து தவறி விழுந்த கட்டடத் தொழிலாளி, மாடு முட்டிய விவசாயி என யாராக இருந்தாலும் மார்பில் ஒரு கன்றிய தடம் மட்டுமே தெரியலாம். உள்ளேயோ காற்று இருக்கக் கூடாத இடத்தில் காற்று சேர்ந்திருக்கும். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே சேர்ந்தால் அதை நியூமோதோராக்ஸ் என்கிறோம். இதயத்தைச் சுற்றி நடு நெஞ்சில் சேரலாம், கழுத்திலும் முகத்திலும் தோலுக்கடியில் பரவலாம், வயிற்றறைக்குள் போகலாம், மண்டையோட்டுக்குள்ளும் நுழையலாம். ஸ்கேனில் அந்தக் கறுப்புத் திட்டைக் கண்டதும் அதை உடனே வெளியேற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. எவ்வளவு காற்று என்று அளப்பதிலேயே அப்போது கவனம் முழுவதும் போய்விடுகிறது. அந்தக் காற்று எங்கிருந்து வந்தது, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகே அளவைப் பற்றிய கேள்வி வர வேண்டும் என்பது என் வாதம். உயிரைக் காப்பதும், தேவையில்லாத குழாயிலிருந்து நோயாளியைக் காப்பதும் இந்த வரிசையைப் பொறுத்தவை என்று நம்புகிறேன்.

முதலில் இயல்பான நிலையைப் பார்ப்போம். நுரையீரலின் மேலே ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சில மில்லி லிட்டர் திரவம் மட்டுமே உண்டு. நுரையீரல் சுருங்கிக்கொள்ளப் பார்க்கிறது, நெஞ்சுக்கூடு விரிந்துகொள்ளப் பார்க்கிறது. இந்த இழுபறியால் இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். அமைதியாக மூச்சு விட்டு முடிக்கும் நேரத்தில் அது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீர் அளவுக்குக் குறைவு. எனவே எந்தப் பக்கத்தில் ஓட்டை விழுந்தாலும் காற்று தானாக உள்ளே இழுக்கப்படும், நுரையீரல் சுருங்கும். அடிபட்டவர்களில் இது பெரும்பாலும் முறிந்த விலா எலும்பின் கூர்முனை நுரையீரலைக் குத்துவதால் நேர்கிறது. ஆனால் எலும்பு முறியாமலும் நேரலாம். வண்டி மோதப்போகிறது என்று தெரிந்த நொடியில் மனிதன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். குரல்வளை மூடியிருக்கும் அந்த நிலையில் மார்பு நசுங்கினால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் தாங்காமல் நுண்ணறைகள் வெடிக்கின்றன. குழந்தைகளின் விலா எலும்புகள் வளைந்து கொடுப்பவை. அதனால் ஒரு விலாகூட முறியாத பிள்ளையின் நுரையீரல் கிழிந்திருப்பதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். விலா எலும்பு முறியவில்லை என்ற எக்ஸ்ரே அறிக்கை அங்கே எந்த ஆறுதலும் தராது.

நெஞ்சுக்குள் காற்று இருப்பதே ஆளைக் கொல்லும் என்றால் மருத்துவ வரலாற்றின் ஒரு முழு அத்தியாயத்துக்கு விளக்கம் இருக்காது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், இத்தாலிய மருத்துவர் கார்லோ ஃபோர்லானினி 1882இல் ஒரு யோசனையை முன்வைத்தார். நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுத்தால் புண் ஆறும் என்றார். 1888இல் அதைச் செய்யத் தொடங்கி 1894இல் முடிவுகளை வெளியிட்டார். ஊசி வழியாக நெஞ்சுக்குள் வேண்டுமென்றே காற்றையோ நைட்ரஜனையோ செலுத்தும் இந்தச் செயற்கை நியூமோதோராக்ஸ், 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகெங்கும் சானடோரியங்களில் அன்றாடச் சிகிச்சையாக இருந்தது. உடல் காற்றை உறிஞ்சிவிடும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் சில நூறு மில்லி லிட்டர் ஏற்றுவார்கள். ஆண்டுக்கணக்கில் இது தொடரும். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிய நிலையில் அந்த நோயாளிகள் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசிச் சிரித்தார்கள். தாமஸ் மன் 1924இல் எழுதிய ‘மாய மலை’ நாவலில் அவர்கள் ஒரு குழுவாகவே வருகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசினும் அதைத் தொடர்ந்த மருந்துகளும் வந்த பிறகு அந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது. அது காசநோயை எந்த அளவுக்குக் குணப்படுத்தியது என்பது இன்றைய பேச்சுக்கு உரியதல்ல. இன்று ஸ்கேனில் பார்த்துத் திடுக்கிடும் அளவைவிடப் பல மடங்கு காற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்குச் சான்று.

உடல் அந்தக் காற்றை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்பது அறிய வேண்டிய விஷயம். கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். திசுக்களைக் கடந்து திரும்பும் ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, நைட்ரஜன், நீராவி எல்லாவற்றின் அழுத்தத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 706தான் வரும். திசுக்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட அளவுக்குக் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறுவதில்லை என்பதால் வரும் பற்றாக்குறை இது. இந்த வித்தியாசம்தான் சிக்கிய காற்றை மெல்ல ரத்தத்துக்குள் இழுக்கிறது. ஒரு பக்க நெஞ்சறையின் கொள்ளளவில் நாளொன்றுக்கு 1.25 சதவீதம் குறைகிறது என்று 1954இல் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் என்கின்றன. ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்திலுள்ள நைட்ரஜன் குறைந்து இழுப்பு கூடுகிறது, உறிஞ்சும் வேகம் பல மடங்காகிறது. ஓட்டை மூடிக்கொண்டால் மிச்சத்தை உடலே பார்த்துக்கொள்ளும் என்று இதற்குப் பொருள். ஓட்டை மூடியதா இல்லையா என்பதை ஒரே ஒரு ஸ்கேனில் தெரியும் அளவு சொல்லாது.

ஓட்டை மூடாமல், சதைத் துணுக்கு ஒன்று அதன்மேல் மடிந்து கிடந்தால் கதை மாறிவிடும். சைக்கிள் டியூப்பின் வால்வைப் போல, ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே போகும், திரும்பி வராது. அடிபட்ட பக்கத்தில் அழுத்தம் ஏறி நுரையீரலை நசுக்கும், நடு நெஞ்சை எதிர்ப்பக்கம் தள்ளும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கும். இதுதான் டென்ஷன் நியூமோதோராக்ஸ். சிகிச்சை தாமதித்தால் நிமிடங்களில் உயிர் போகும், ஒரு குழாய் வைத்தால் நிமிடங்களில் உயிர் திரும்பும். 1995 மே மாதம் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண் பயணி, கையில்தான் அடி என்று நினைத்து விமானம் ஏறினார். அதே விமானத்தில் இருந்த எலும்பு அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸும் இளம் மருத்துவர் டாம் வோங்கும் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டார்கள். விமானம் உயரே போன பிறகு, காலணியைக் கழற்றக் குனிந்தபோது அவருக்கு மார்பில் கடும் வலி வந்தது, மூச்சுத் திணறல் தொடங்கியது. விலா எலும்பு முறிந்து, உள்ளே சேர்ந்திருந்த காற்று அழுத்தமாக மாறியிருந்தது. மருந்துப் பெட்டியிலிருந்த கத்தியால் நெஞ்சுச் சுவரில் கீறினார்கள். துணி மாட்டும் கம்பியை நிமிர்த்திப் பிராந்தியில் நனைத்து, சிறுநீர்க் குழாய்க்குள் செருகி, அந்தக் குழாயை நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். மறுமுனையை மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீருக்கடியில் வைத்தார்கள். காற்று குமிழிகளாக வெளியேறியது. சில நிமிடங்களில் அவர் தேறிவிட்டார்.

இந்த நிகழ்வை மருத்துவ மாணவர்கள் வீரக்கதையாகவே கேட்டிருப்பார்கள். எனக்கு அதன் இயற்பியல்தான் முக்கியம். தரையில் இருந்தபோதும் அந்தப் பெண்ணின் நெஞ்சில் காற்று இருந்திருக்க வேண்டும். அவர் நடந்து வந்து இருக்கையில் அமர்ந்தார். விமானத்தின் உள்ளழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையின் அழுத்தம் வரை குறையலாம். அந்த நிலையில் உடலில் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது. சுற்றுப்புற அழுத்தம் மாறியதும் பொறுக்கக்கூடியதாக இருந்த காற்று உயிருக்கு உலையானது. அங்கே எக்ஸ்ரே இல்லை, விமான இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்பது கடினம். நோயாளியின் மூச்சையும் முகத்தையும் பார்த்து, விழுந்த கதையைக் கேட்டு, முடிவெடுத்தார்கள். மயக்க மருந்து தருபவர்கள் இதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். நைட்ரஸ் ஆக்சைடு ரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் கரையும். நைட்ரஜன் வெளியேறுவதற்கு முன்பே அது சிக்கிய காற்றுக்குள் புகுந்துவிடுகிறது. 75 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் நெஞ்சுக் காற்று சுமார் பத்து நிமிடங்களில் இரட்டிப்பாகும் என்பது 1965இலேயே விலங்குச் சோதனைகளில் தெரிந்துவிட்டது. கை முறிவுக்கு அறுவைச் சிகிச்சை என்று போனவரின் நெஞ்சில் கவனிக்கப்படாத சிறு காற்று இருந்தால், ஆபத்து அந்த மேசையில்தான் பிறக்கிறது.

அப்படியானால் அழுத்தம் ஏறுவதை எப்படி அறிவது? பாடப்புத்தகத்தில் மூச்சுக்குழல் எதிர்ப்பக்கம் விலகும், கழுத்து நரம்பு புடைக்கும், ரத்த அழுத்தம் விழும் என்று இருக்கிறது. உண்மையில் இவை எல்லோரிடமும் வருவதில்லை, வந்தாலும் கடைசியில்தான் வருகின்றன. தானாக மூச்சு விடுபவர் முதலில் திணறுவார், நாடி வேகமாகும், ஆக்சிஜன் அளவு மெல்லக் குறையும். ரத்த அழுத்தம் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. இயந்திரமே காற்றைத் தள்ளுவதால் ரத்த அழுத்தம் திடீரெனச் சரியும். பதிவான நோயாளிகளை 2015இல் தொகுத்து ஆராய்ந்தபோது இந்த இரண்டு தோற்றங்களும் தெளிவாகப் பிரிந்தன. ஒரே நோய்க்கு ஒரே பட்டியல் என்று மனப்பாடம் செய்த மாணவர், மூச்சு விடும் நோயாளியிடம் ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருப்பார். அதுபோலவே, அழுத்தத்தை வெளியேற்ற ஊசி குத்தும் இடமும் மாறிவிட்டது. காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே இரண்டாம் விலா இடைவெளி என்றுதான் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தோம். விபத்துச் சிகிச்சைக்கான ஏ.டி.எல்.எஸ். பயிற்சியின் பத்தாம் பதிப்பு 2018இல் பெரியவர்களுக்கு அதை அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால் நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளிக்கு மாற்றியது. முன்மார்பின் சதையைத் தாண்ட ஊசியின் நீளம் போதாமல் போனதே இதற்குக் காரணம். 5 சென்டிமீட்டர் ஊசி பாதிப்பேருக்குச் சற்று மேல்தான் உள்ளறையை எட்டும், 8 சென்டிமீட்டர் ஊசி பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எட்டும் என்கிறது அந்தப் பதிப்பு. ஊசி குத்தியும் நோயாளி தேறவில்லை என்றால், நோய் இல்லை என்று முடிவு கட்டாமல், ஊசி எட்டவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கத்தியால் கீறி விரலை விட்டுத் திறப்பதே அடுத்த படி.

இனி, காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். கனடாவில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் மாக்லின் 1939இல் பூனைகளில் செய்த சோதனைகளை வெளியிட்டார். நுரையீரலின் நுண்ணறைகள் வெடித்தால் காற்று நேரே வெளியே பாய்வதில்லை. ரத்தக் குழாய்களையும் மூச்சுக்கிளைகளையும் போர்த்தியிருக்கும் உறை வழியாக நுரையீரலின் வேர்ப்பகுதிக்கு ஊர்ந்து, அங்கிருந்து நடு நெஞ்சுக்குள் நுழைகிறது. 1944இல் அவரும் அவர் மனைவி மேட்ஜ் மாக்லினும் இதை விரிவாக எழுதினார்கள். நடு நெஞ்சிலிருந்து மேலே கழுத்துக்கும் கீழே வயிற்றின் பின்சுவருக்கும் வழி திறந்தே இருக்கிறது. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள இடத்துக்குக்கூடக் காற்று போய்ச் சேரும். சி.டி. ஸ்கேன் வரும்வரை இது சோதனைக்கூடச் செய்தியாகவே இருந்தது. 2001இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், மார்பில் கடும் ஊமைக்காயம் பட்டு நடு நெஞ்சில் காற்றுச் சேர்ந்த 51 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். அவர்களில் 20 பேரிடம், அதாவது 39 சதவீதத்தினரிடம், மாக்லின் சொன்ன பாதையே தெரிந்தது. நடு நெஞ்சில் காற்று என்றதும் மூச்சுக்குழலோ உணவுக்குழலோ கிழிந்துவிட்டது என்று அஞ்சி, எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி, சாயம் குடிக்க வைத்து ஸ்கேன் என்று ஓடுகிறோம். ஊமைக்காயத்தில் உணவுக்குழல் கிழிவது மிக அரிது. அரிது என்பதால் தேடாமல் விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். தேட வேண்டியவரிடம் தேட வேண்டும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சறையில் சேரும் நீர், குழலை ஒட்டியே கிடக்கும் காற்று ஆகியவை இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லாமல், பசிக்கிறது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் காற்று எந்த வழியாக வந்தது என்பதைப் படமே பெரும்பாலும் காட்டிவிடும்.

தோலுக்கடியில் பரவும் காற்று, உறவினர்களை மற்ற எதையும்விட அதிகம் கலங்கடிக்கிறது. காலையில் கழுத்தில் சிறு வீக்கம். மதியத்துக்குள் கன்னங்கள் உப்பி, இமைகள் மூடி, ஆளே அடையாளம் தெரியாமல் போகிறார், குரலும் மாறுகிறது. விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று நொறுங்குவது கைக்குத் தெரியும். இவ்வளவு பயங்கரமான தோற்றம் கொண்ட இந்தக் காற்று, அநேகமாகத் தானே உறிஞ்சப்பட்டுச் சில நாட்களில் வடிந்துவிடும். கீறிவிட வேண்டிய தேவை மிகச் சிலருக்கே வருகிறது. குடும்பத்தாரிடம் இதை முதல் நாளே உட்கார்ந்து சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் அந்தக் காற்றின் ஊற்றைத் தேடாமல் விடக் கூடாது. திடீரென வேகம் நின்ற விபத்தில் மூச்சுக்கிளை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 2.5 சென்டிமீட்டருக்குள் கிழிவதுண்டு. நெஞ்சில் ஐ.சி.டி. எனப்படும் வடிகுழாய் வைத்த பிறகு அருகிலுள்ள பாட்டிலைக் கவனித்தால் இது பிடிபடும். கண்ணாடிக் குழாய் தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். நுரையீரல் விரியும்போது குமிழி குறைந்து, இருமினால் மட்டும் ஒன்றிரண்டு வரும், நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் பொங்கிக்கொண்டே இருந்து, நுரையீரலும் விரியாமல் கிடந்தால், பெரிய குழல் கிழிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். வார்டில் இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளும் மருத்துவர் நோயாளியைக் காப்பாற்றுகிறார்.

வயிற்றறையில் காற்று தெரிந்தால் குடல் ஓட்டை என்று அறுவைச் சிகிச்சை மாணவர் முதல் வருடமே படிக்கிறார். அடிபட்டவரிடம் அந்தப் பாடம் இரு பக்கமும் வழுக்கும். நெஞ்சிலிருந்து இறங்கிய காற்று வயிற்றில் தெரியலாம், குடலில் கீறலே இருக்காது. மறுபக்கம் இதைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் இரண்டேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்து அனுமதிகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், ஊமைக்காயத்தால் சிறுகுடல் ஓட்டையானது உறுதியான நோயாளிகளில் 13 சதவீதத்தினரின் சி.டி. ஸ்கேன் அறுவைச் சிகிச்சைக்கு முன் இயல்பாகவே இருந்திருக்கிறது. சைக்கிள் கைப்பிடி குத்திய சிறுவனோ, சீட் பெல்ட் தடம் வயிற்றில் பதிந்தவரோ வந்தால், காற்று தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்புவது சரியல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றில் கைவைத்துப் பார்க்கும் பழைய முறையை எந்த ஸ்கேனும் இன்னும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை. மண்டைக்குள்ளும் காற்று இருப்பதே ஆளைக் கொல்வதில்லை என்பதற்கு இங்கே ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். மண்டை எலும்பு முறிந்த ஒருவரின் மூளை அறைகளில் காற்று நிறைந்திருப்பதை 1913இல் லக்கெட் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் எக்ஸ்ரேயில் பார்த்து எழுதினார். 1918இல் வால்டர் டான்டி வேண்டுமென்றே அந்த அறைகளில் காற்றைச் செலுத்தி மூளைக்கட்டிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். 1971இல் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும் வரை மூளையின் உட்புறத்தைப் பார்க்க மருத்துவத்துக்கு இருந்த வழிகளில் அது முக்கியமானது.

சி.டி. ஸ்கேனின் வருகை நம் சிக்கலையும் பெருக்கியது. படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சுக் காற்று முன்பக்கமாக மேலெழுந்து நிற்கும். நேரே மேலிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது நுரையீரலின் நிழலோடு கலந்துவிடும். 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, அப்படி எடுக்கும் எக்ஸ்ரே நூறில் 47 நியூமோதோராக்ஸ்களையே கண்டுபிடிக்கிறது, படுக்கையருகே செய்யும் அல்ட்ராசவுண்ட் 91ஐக் கண்டுபிடிக்கிறது. நுரையீரல் உறை நெஞ்சுச் சுவரின்மேல் வழுக்கிச் செல்வது அல்ட்ராசவுண்டில் தெரியும். நடுவே காற்று வந்தால் அந்த அசைவு மறையும். இதை முதலில் எழுதியவர் குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்த ஒரு கால்நடை மருத்துவர், 1986இல். இப்படி முன்பு யார் கண்ணிலும் படாத சிறு காற்றெல்லாம் இன்று அறிக்கையில் வருகிறது. முன்பும் அந்தக் காற்று இருந்தது, அநேகம் பேர் அது தெரியாமலேயே குணமாகிப் போனார்கள். அறிக்கையில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் குழாய் போடலாமா என்பதுதான் கடந்த முப்பது ஆண்டு விவாதம்.

‘சிறியதுதானே என்று விட்டு, இரவில் அது டென்ஷனாக மாறினால் யார் பொறுப்பு?’ என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. வென்டிலேட்டரில் இருப்பவர் விஷயத்தில் அது இன்னும் வலுவானது. கனடாவில் நடந்து 2013இல் வெளியான ஒரு சோதனை இதை நேருக்கு நேர் சந்தித்தது. ஸ்கேனில் மட்டும் தெரிந்த நியூமோதோராக்ஸோடு வென்டிலேட்டர் தேவைப்பட்ட 90 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 40 பேருக்குக் குழாய் வைத்தார்கள், 50 பேரைக் கண்காணித்தார்கள். மூச்சுத் திணறலிலோ மரணத்திலோ மருத்துவமனையில் இருந்த நாட்களிலோ இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. கண்காணித்தவர்களில் 20 சதவீதத்தினருக்குப் பிறகு குழாய் தேவைப்பட்டது, ஒருவருக்கு டென்ஷன் ஏற்பட்டு உடனே குழாய் வைத்துக் காப்பாற்றினார்கள். குழாய் வைத்தவர்களிலோ 15 சதவீதத்தினருக்குக் குழாயாலேயே சிக்கல் வந்தது, இன்னொரு 15 சதவீதத்தினருக்குக் குழாய் சரியான இடத்தில் இல்லை. குழாயை ஆபத்தில்லாத பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். விலா இடை ரத்தக் குழாய் அறுபடலாம், நுரையீரலிலோ கல்லீரலிலோ மண்ணீரலிலோ குழாய் குத்தலாம், சீழ் பிடிக்கலாம். வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் நிமோனியா வரலாம். அதே சோதனையில் நான் மறைக்கக் கூடாத ஒரு முடிவும் உண்டு. அறுவைச் சிகிச்சை நேரத்துக்கு மட்டும் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் கண்காணிப்பு தோற்றது 8 சதவீதம், தொடர்ந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 24 சதவீதம். எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் என் வாதத்தின் திசையிலேயே அது நிற்கிறது. காற்றின் அளவு ஒன்றேயானாலும், இயந்திரம் நாட்கணக்கில் அழுத்தம் கொடுக்கும்போது ஆபத்து கூடுகிறது.

அளவே வேண்டாம் என்கிறேனா என்றால், இல்லை. குறுக்குவெட்டு ஸ்கேனில் நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் உள்ள தூரம் 35 மில்லிமீட்டருக்குள் இருந்து, நோயாளியும் நிலையாக இருந்தால் கண்காணிக்கலாம் என்ற விதி 2019இல் முன்வைக்கப்பட்டது. நல்ல விதிதான், அதிலும் நோயாளி நிலையாக இருப்பதே நிபந்தனை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், நடுத்தரமும் பெரியதுமான நியூமோதோராக்ஸ் உள்ளவர்களைக்கூடக் குழாயில்லாமல் கவனித்தார்கள். அவர்களில் 15 சதவீதத்தினருக்கே பிறகு குழாயோ வேறு சிகிச்சையோ தேவைப்பட்டது. அவர்கள் அடிபட்டவர்கள் அல்லர், தானாகக் காற்று கசிந்த இளைஞர்கள். அதனால் அந்த முடிவை அப்படியே விபத்து வார்டுக்குக் கொண்டுவர முடியாது. பெரிய அளவு என்ற ஒரே காரணம் குழாய்க்குப் போதாது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் மறுப்பு ஆய்வுகளிலிருந்து வருவதல்ல. கனடாவின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் அருகே ஒரு நர்ஸ் நிற்பார். வட்ட மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவர் எத்தனை பேரைப் பார்ப்பது? அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் போகும் வழியில் அழுத்தம் ஏறினால், குலுங்கும் வண்டிக்குள் யார் கண்டுபிடித்து யார் குழாய் வைப்பது? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். கண்காணிப்பு என்பது நேரம் குறித்து, நாடியையும் மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்து, தேவைப்பட்டால் அந்தக் கணமே குழாய் வைக்கக்கூடிய ஆளோடு செய்யும் ஒரு வேலை. அந்த ஆள் இல்லாத இடத்தில், குறிப்பாக மூச்சுக்குழலுக்குள் குழாய் பொருத்தி நெடுந்தூரம் அனுப்பும் நோயாளிக்கு, சிறு காற்றாக இருந்தாலும் முன்கூட்டியே குழாய் வைத்து அனுப்புவதே சரி என்பது என் முடிவு. மலையிலிருந்து இறக்கும் பயணத்துக்கு ஒரு சலுகை உண்டு. உதகையிலிருந்து கோவைக்கு வரும்போது வெளியழுத்தம் கூடுவதால் அடைபட்ட காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். ஆனால் ஓட்டை திறந்திருந்து, வண்டியில் காற்றுப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தால் அந்தச் சலுகை காணாமல் போய்விடும்.

குழாயில்லாமல் கண்காணித்து, மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் காற்று கூடவில்லை என்று கண்டு, ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பும் நோயாளிக்கு நாம் கொடுக்கும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் சுருக்கெழுத்தில் நோயின் பெயர் இருக்கும், மாத்திரைகள் இருக்கும். திடீரென மூச்சு வாங்கினாலோ, மார்பில் புதிதாக வலி வந்தாலோ, கழுத்தில் தோல் உப்பினாலோ எந்த நேரமானாலும் உடனே வர வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். காற்று முழுவதும் வடிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகும், அடிபட்டவர் இரண்டு வாரமாவது விமானம் ஏறக் கூடாது என்பதையும் எழுத வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்து, விடுப்பில் வந்த இடத்தில் பைக்கிலிருந்து விழுந்தவருக்குப் பயணச்சீட்டின் தேதி தலைக்குமேல் நிற்கும். அவரிடம் அந்தத் தேதியை நாமாகவே கேட்டு, தள்ளிப்போட வேண்டிய காரணத்தை நிறுவனத்துக்குக் காட்டும்படி சான்றிதழாக எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். வேறொரு அறுவைச் சிகிச்சை பாக்கி இருந்தால், நெஞ்சில் காற்று இருந்தது என்ற வரியை மயக்க மருந்து மருத்துவரின் கண்ணில் படும்படி அதே தாளின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.